மூளை அரசனல்ல

பூச்சி உட்சுரப்பியல் பாடத்தில் ஒரு படம் தலைமுறைகளாக அசையாமல் நிற்கிறது. மேலே மூளை, அதிலிருந்து கீழ்நோக்கி ஓர் அம்பு, அதன் முனையில் முன்மார்புச் சுரப்பி, அதற்கும் கீழே எக்டைசோன், தோலுரிப்பு. மூளை ஆணையிடும், சுரப்பி கீழ்ப்படியும் என்று மாணவர் மனனம் செய்கிறார். முழு மதிப்பெண்ணும் பெறுகிறார். அப்படம் பாதி உண்மை. பாதியை முழுமையாகக் கற்பிப்பது பிழை.

அந்தப் பாதிக்குரிய பெருமை போலந்து நாட்டு அறிஞர் ஸ்டெஃபான் கோபெச்சைச் சாரும். ஜிப்சி அந்துப்பூச்சியின் புழுக்களில் அவர் மூளையை அகற்றினார். குறித்த காலத்திற்கு முன் அகற்றினால் அவை கூட்டுப்புழுவாகவில்லை. பின்னர் அகற்றினால் ஆயின. உருமாற்றத்தைத் தூண்டும் பொருளை மூளை வெளியிடுகிறது என்று 1917இலும் 1922இலும் அவர் எழுதினார்.

ஆனால் மூளை யார் சொல்லிச் சுரக்கிறது? படத்தில் விடையில்லை. ஆய்வுகளில் உண்டு. குருதி உறிஞ்சும் ரோட்னியஸ் பூச்சி வயிறு புடைக்கக் குடித்த பின்னரே தோலுரிக்கத் தொடங்கும். வயிற்றின் விரிவை மூளைக்கு உணர்த்தும் நரம்பு வடத்தை அறுத்தால் தொடங்காது என்று 1934இல் விகில்ஸ்வொர்த் காட்டினார். பழ ஈப் புழுவில், சிறகாக வேண்டிய திசு காயமுற்றால் டில்ப்8 என்னும் பெப்டைடைச் சுரந்து உருமாற்றத்தையே தாமதப்படுத்துகிறது. 2012இல் இது வெளியாயிற்று. வயிறும் காயமும் பேசுகின்றன; மூளை கேட்கிறது.

இன்னும் வலுவான சான்று 2007இல் வந்தது. முன்மார்புச் சுரப்பியைத் தூண்டும் பி.டி.டி.எச். ஹார்மோனைச் சுரக்கும் மூளை நரம்பணுக்களைப் பழ ஈப் புழுக்களில் அழித்தனர். புழுக்கள் பல நாள் தாமதித்தன. ஆயினும் கூட்டுப்புழுவாயின, வழக்கத்தினும் பெரிய ஈக்களாயின. உணவு நிலையை உணர்த்தும் இன்சுலின் வகைச் சைகைகள் சுரப்பியை நேரடியாகவே எட்டுகின்றன. ஏவுபவர் இல்லாமலும் ஏவல் நடந்தது.

“இளநிலை மாணவருக்கு எளிமை வேண்டும்” என்பர். எளிமை வேறு, திரிபு வேறு. மேல்நோக்கி ஓர் அம்பு சேர்த்தால் எளிமை கெடாது. சேர்க்காவிட்டால் கெடுவது ஆய்வு: புழு ஏன் தாமதிக்கிறது என்ற வினா எழும்போது, ஒற்றை அம்பில் பழகியவர் மூளையை மட்டுமே துருவுவார், உணவையும் காயத்தையும் அளக்கத் தோன்றாது.

“மூளை சுரப்பியை எவ்வாறு கட்டுப்படுத்துகிறது?” என்ற தேர்வு வினாவோடு இன்னொன்றும் கேட்கப்பட வேண்டும்: “மூளை எவற்றைக் கேட்டு முடிவெடுக்கிறது?”