டிரெய்லருக்கும் ஓர் எண் வேண்டும்

கிராமங்களில் மாட்டு வண்டி வகித்து வந்த இடத்தை டிராக்டரும் அதன் பின் செல்லும் டிரெய்லரும் பெற்றுவிட்டன என்பதை அங்கத்தினர் யாவரும் அறிவர். களத்து நெல் கொள்முதல் நிலையத்திற்குச் செல்வதும், கரும்பு ஆலைக்குச் செல்வதும், பருத்தி விற்பனைக் கூடத்திற்குச் செல்வதும் பல ஊர்களில் இவ்வண்டியின் உதவியாலேயே நடைபெறுகின்றன. திரும்பும் வழியில் நெசவாளரின் நூல் பேல்களையும் அதுவே ஏற்றி வருகிறது. இத்துணை உபகாரமான வண்டியைப் பற்றி நம்மிடையே தவறான எண்ணமொன்று வேரூன்றியிருக்கிறது. “எஞ்சின் உள்ள டிராக்டருக்குப் பதிவு செய்தாயிற்று, பின்னால் இழுபடும் இரும்புப் பெட்டிக்கு எதற்குப் பதிவு?” என்பதே அது. இவ்வெண்ணம் சட்டத்திற்கு மாறானது. அதனினும் முக்கியமாக, நமது குடும்பங்களுக்குக் கேடு விளைவிக்க வல்லது.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், மோட்டார் வாகனம் என்பதற்குக் கூறும் இலக்கணத்திலேயே டிரெய்லரையும் சேர்த்திருக்கிறது. எஞ்சின் இல்லாவிடினும் சட்டத்தின் பார்வையில் அது மோட்டார் வாகனமே. அச்சட்டத்தின் 39-ஆவது பிரிவு, பதிவு பெறாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவதையும், ஓட்ட உரிமையாளர் அனுமதிப்பதையும் தடுக்கிறது. பதிவு குறித்த விதிகள் டிரெய்லருக்கும் பொருந்துமென 61-ஆவது பிரிவு ஐயத்திற்கிடமின்றிக் கூறுகிறது. டிரெய்லருக்கெனத் தனி எண் உண்டு. அன்றியும், இழுத்துச் செல்லும் டிராக்டரின் எண் டிரெய்லரின் மீதும் தெரிய வேண்டும். இதில் பொருள் இருக்கிறது. பின்னால் வருவோர் கண்ணுக்கு டிராக்டரின் எண் தெரியாது. தெரிவது டிரெய்லரின் பின்புறமே. பதிவின்றி ஓட்டுவதற்கு முதற் குற்றத்திலேயே 2,000 ரூபாய்க்குக் குறையாமல் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடந்தருகிறது. இன்ஷூரன்ஸ் இன்றி ஓட்டினால் மூன்று மாதம் வரை சிறையோ, 2,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

சர்க்கார் எல்லாவற்றிற்கும் வரி கேட்கிறது என்று சிலர் சலித்துக் கொள்ளக்கூடும். வரியின் அடிப்படையை உணர்ந்தால் இச்சலிப்புக்கு இடமிராது. நமது அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணை, நிலத்திற்கும் கட்டடத்திற்குமான வரியை ஒரு பதிவிலும், சாலையில் ஓடத்தக்க வாகனங்களுக்கான வரியை வேறொரு பதிவிலும் வைத்திருக்கிறது. தரையில் நிலைத்து நிற்பது சொத்து வரிக்கு உரியது; சாலையில் ஓடுவது வாகன வரிக்கு உரியது. கைப்பேசிக் கோபுரங்களும் கட்டடங்களே, அவற்றிற்குச் சொத்து வரி விதிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம், சுரங்க எல்லைக்குள் மட்டுமே உழைக்கும் டம்பர் போன்ற வண்டிகளுக்கு வாகன வரி கேட்கலாகாது என்று 1974-இல் ஒரு வழக்கில் கூறியது. ஆகவே, வண்டியின் உருவத்தைக் காட்டிலும் அது எங்கு, எதற்குப் பயன்படுகிறது என்பதே பெரிதும் கவனிக்கத்தக்கது.

இக்கருத்தே மத்திய சர்க்காரின் 2004-ஆம் ஆண்டு அறிவிக்கையிலும் காணப்படுகிறது. சொந்த உபயோகத்திற்கான, தங்கிச் செல்லும் வசதியுள்ள முகாம் வண்டிகளும் டிரெய்லர்களும் அதில் போக்குவரத்து வாகனமல்லாத வகையில் வைக்கப்பட்டுள்ளன. விவசாய டிராக்டரும் பவர் டில்லரும் அவ்வகையிலேயே உள்ளன. உழவனுக்கு அளிக்கப்பட்ட இச்சலுகை நியாயமானதே. ஆயினும் சலுகைக்கு எல்லை உண்டு. விவசாய டிரெய்லர் என்பது முக்கியமாக விவசாயப் பொருள்களை ஏற்றிச் செல்வது என்று 1989-ஆம் ஆண்டு மத்திய விதிகள் வரையறுக்கின்றன. செங்கல்லும் ஜல்லியும் வாடகைக்கு ஏற்றத் தொடங்கிய பிறகு அச்சலுகையின் நிழலில் ஒதுங்க முடியாது. டிரெய்லர் பூட்டிய டிராக்டர் சரக்கு வாகனமே, அதற்குப் பர்மிட் வேண்டுமென்று 2005-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புக் கூறியிருக்கிறது. டிரெய்லர் பூட்டியதனால் மட்டும் டிராக்டர் ஓட்டுநரின் லைசென்ஸ் செல்லாததாகிவிடாது என்று 2001-இல் அந்நீதிமன்றமே கூறியதும் உண்டு. லைசென்ஸுக்குக் கிடைத்த அவ்வாறுதலைப் பர்மிட்டிற்கும் கிடைத்ததாக எண்ணி மயங்கலாகாது.

நிற்க, நமது சங்கத்திற்கே உரிய சங்கடம் ஒன்று இங்கு எழுகிறது. இது பயிரிடுவோரும் நெய்வோரும் கூடியுள்ள சங்கம். குடியானவர் தம் டிரெய்லரில் நெசவாளரின் நூலை ஏற்றி வருவது ஊர் வழக்கம். போற்றத்தக்க வழக்கமும் ஆகும். ஆனால் நூல் பேல் விவசாயப் பொருளன்று. டீசல் செலவுக்கென்று பெறும் சிறு தொகையும் வாடகையாகக் கொள்ளப்படலாம். விபத்து நேராத வரையில் எவரும் கேளார். நேர்ந்துவிட்டாலோ, பதிவு உண்டா, பாலிசியில் டிரெய்லர் சேர்ந்துள்ளதா, ஏற்றிய சரக்கு யாது, வாடகை வாங்கப்பட்டதா எனக் கேள்விகள் வரிசையாக எழும். ஒன்றுக்கு விடை தவறினாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பை மறுக்க இடமேற்படும். அப்போது நஷ்ட ஈடு உரிமையாளரின் நிலத்தின் மீது வந்து விழும். அவரிடம் நிலமும் இல்லையேல், அடிபட்டவரின் குடும்பம் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு வறுமையில் வாடும். உதவி செய்தவரும், உதவி பெற்றவரும், வழியே சென்றவரும் ஒருங்கே துன்புறுவர்.

அங்கத்தினர் மீது மட்டும் குறை கூறுதல் முறையாகாது. உள்ளூர்ப் பட்டறையில் செய்த டிரெய்லருக்கு விற்பனைச் சான்றோ, வடிவமைப்புக்கு ஒப்புதல் பெற்ற ஆவணமோ இல்லாமற் போகலாம். அவையின்றிப் பதிவுக்குச் செல்வோர் அலைந்து திரும்புகின்றனர். அறுவடைக் காலத்தில் சில மாதங்களே ஓடும் வண்டிக்கு இத்தனை அலைச்சலா என்று அவர்கள் கேட்பதில் நியாயமுண்டு. விற்பனைக் கூடங்களிலும் சர்க்கரை ஆலைகளிலும் பருவம் தொடங்குமுன் பதிவு முகாம்கள் நடத்துவதும், பட்டறை வண்டிகளைப் பரிசோதித்துத் தக்கவற்றை ஏற்பதும், குறைந்த கட்டணம் விதிப்பதும் சர்க்காரின் கடமை என்போம். அபராதத்தால் வரும் ஒழுங்கைக் காட்டிலும் வசதி செய்து கொடுப்பதால் வரும் ஒழுங்கு நிலைத்து நிற்கும்.

சர்க்கார் செய்யட்டும் என்று நாம் கை கட்டி நிற்பதும் கூட்டுறவுக்கு அழகன்று. ஆண்டில் சில மாதங்களே வேலையுள்ள பொருளைத் தனித்தனியே பத்துப் பேர் வாங்கி, பத்துப் பேரும் பதிவின்றி வைத்திருப்பதைவிட, சங்கமே ஒன்றிரண்டு டிரெய்லர்களை வாங்குதல் நலம். அவற்றைச் சரக்கு வாகனமாகவே முறைப்படி பதிந்து, உரிய வரி செலுத்தி, பர்மிட்டும் இன்ஷூரன்ஸும் பெற்று, அங்கத்தினருக்கு அடக்க விலையில் வாடகைக்கு விடலாம். நெல் அறுவடையின் போது வயலுக்கும், மற்றக் காலங்களில் நூலுக்கும் துணிக்கும் அவை உதவும். சலுகை கிடைக்காதே என்பர் சிலர். கிடைக்காதுதான். ஆனால் பலர் பங்கிட்டுக் கொள்ளும் வரி எவருக்கும் பெருஞ்சுமையாகாது. சலுகையை மீறிய ஒருவர் தனியே சுமக்கும் நஷ்ட ஈடோ அவரை நிமிர விடாது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பல, விவசாய இயந்திரங்களை வாடகைக்கு விட்டு வருவது நமக்கு முன்மாதிரியாகும்.

அதுவரை ஒவ்வோர் அங்கத்தினரும் செய்யத்தக்கவை சில. டிரெய்லரின் பதிவுச் சான்றைத் தேடிப் பார்க்க வேண்டும். பாலிசியில் டிரெய்லர் குறிக்கப்பட்டுள்ளதா என்று படித்தறிய வேண்டும். பின்புறம் டிராக்டரின் எண்ணும், இருளில் ஒளிரும் சிவப்புப் பிரதிபலிப்பானும் இருத்தல் வேண்டும். சரக்குப் பெட்டியில் ஆட்களை ஏற்றுவதை அறவே விடவேண்டும். இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு பிடிப்பதன்று. எஞ்சியதை அடுத்த பேரவைக் கூட்டத்தில் தீர்மானமாகக் கொணர்ந்து, பயிரிடுவோரும் நெய்வோரும் ஒருமனதாக நிறைவேற்றுவார்களென நம்புகிறோம்.