சித்திரம் சொல்லித் தருவதும் ஒரு வேலையா?

என் தம்பி மகள் பாரிசுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கிறாள். போய் ஆறு வருடம் ஆகிறது. அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் ஓவியம் படித்த பெண். அங்கே மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் படம் வரையவும், வர்ணம் தீட்டவும், களிமண் பிசையவும் சொல்லித் தருகிறாள். இதைச் சொந்தக்காரர்களிடம் சொன்னால் முகம் சுருங்குகிறது. "இதுக்கா பிரான்சுக்குப் போனா?" என்று ஒன்றுவிட்ட அண்ணி ஒருவர் என் காதுபடவே கேட்டார். இப்போது அவள் கணவன் வழி உறவினர் ஒருவர், கணக்கு எழுதும் அலுவலகம் ஒன்றில் அவளுக்கு ஒரு நாற்காலி பார்த்து வைத்திருக்கிறார். அதில் போய் உட்காரச் சொல்லி என் தம்பி வாரம் தவறாமல் போனில் நச்சரிக்கிறான். நான் வேண்டாம் என்கிறேன். ஏன் என்று எழுதினால், இதுபோலப் பெண்ணை அனுப்பியிருக்கும் மற்ற வீடுகளுக்கும் பயன்படலாம்.

முதலில் தம்பியின் பக்கத்து நியாயம். 1962 ஆகஸ்ட் 16-இல் இணைப்பு சட்டப்படி முடிந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுபவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். சொல்தா வீடுகள் பலவும் எழுதிக் கொடுத்தன. எங்கள் அப்பா கொடுக்கவில்லை. அவருக்கு இந்த ஊர் போதும். பிரெஞ்சு வழியில் படித்த நான் இங்கேயே அரசாங்க எழுத்தராகி, இங்கேயே ஓய்வு பெற்றேன். தம்பி மகள் மணந்த பையன், எழுதிக் கொடுத்த வீட்டுப் பேரன். அவள் இந்தியப் பாஸ்போர்ட்டோடு போனவள்.

அங்கே அரசுப் பள்ளியில் நிரந்தர ஆசிரியராக வேண்டுமென்றால் பிரெஞ்சுக் குடியுரிமையோ ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றின் குடியுரிமையோ இருக்க வேண்டும். அதோடு கொங்கூர் எழுதித் தேற வேண்டும். பிரெஞ்சுக்காரரை மணந்தவர், கல்யாணமாகி நான்கு வருடம் சேர்ந்து வாழ்ந்த பிறகுதான் குடியுரிமை கேட்க முடியும். அவள் கேட்டுவிட்டாள். ஃபைல் நகர்ந்துகொண்டிருக்கிறது. ஃபைல் நகரும் வேகத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

அதுவரை சும்மா இருக்காமல் 'பாஃபா' என்ற சான்றிதழ் வாங்கினாள். 8 நாள் வகுப்பு, 14 நாள் பிள்ளைகளோடு நேரடிப் பயிற்சி, பிறகு இன்னொரு 6 நாள் வகுப்பு. அதை வைத்து அந்த ஊர் மேரியில் (நம் கடற்கரை மேரி போலத்தான், நகராட்சி) மணிக்கணக்குச் சம்பளத்தில் எடுத்துக்கொண்டார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு மணி, மாலை பள்ளி விட்டதும் இரண்டு மணி, பள்ளி இல்லாத புதன்கிழமை முழு நாள். நடுவில் இருக்கும் நேரத்தில் வீட்டுக்கும் போக முடியாது, வேறு வேலையும் பார்க்க முடியாது. பென்ஷன் வாங்கிச் சாப்பிடுகிறவன் நான். இப்படிக் கூறுபோட்ட வேலையில் உள்ள பயம் எனக்கும் புரிகிறது. தம்பி சொல்வதில் பாதி சரி.

மீதிப் பாதிக்கு வருகிறேன். போன வருடம் ஒரு மாதம் அவள் வீட்டில் தங்கியிருந்தேன். பள்ளிக்குள் வெளியாரை விடமாட்டார்கள். வாசலில் நின்று பார்த்ததும், ராத்திரி சாப்பாட்டில் அவள் சொன்னதும்தான் எனக்குத் தெரிந்தது.

இங்கே அலியான்ஸ் பிரான்சேசில் படித்த பிரெஞ்சை வைத்து அவளால் அரசாங்க அலுவலகத்துக்குக் கடிதம் எழுத முடிந்தது. ஆனால் மூக்கைத் துடைத்துக்கொள், ஷூ கயிறு அவிழ்ந்திருக்கிறது, பசையை வாயில் வைக்காதே, இதெல்லாம் அந்தப் புத்தகத்தில் இல்லை. இவற்றை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நான்கு வயதுப் பிள்ளைகள். அவள் 'ல்' போட வேண்டிய இடத்தில் 'லா' போட்டால் உடனே திருத்துவார்களாம். அதில் கேலி கிடையாது, இளக்காரம் கிடையாது. பெரியவர்கள் திருத்தினால் நாம் வாயை மூடிக்கொள்வோம். பிள்ளை திருத்தினால் அடுத்த வாக்கியத்தைப் பேசுவோம். கணக்கு அலுவலகத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் இந்த ஆறு வருடத்தில் இவ்வளவு பேச்சு வந்திருக்காது. ஊரோடு ஒட்டியிருக்கவும் மாட்டாள்.

இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். அந்தப் பிள்ளைகள் அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகின்றன, 'த்யு' போட்டுத்தான் பேசுகின்றன. நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் வாத்தியாரிடம் 'வூ'வுக்குப் பதில் 'த்யு' வாயில் வந்திருந்தால் அன்று கை பழுத்திருக்கும். முதல் மாதம் அவளுக்கும் சுருக்கென்றுதான் இருந்ததாம்.

வேலையில் அவளுக்குப் பெரிய சங்கடம் வேறு. நம் ஊர் டிராயிங் மாஸ்டர் கரும்பலகையில் மாங்காய் போடுவார், குடம் போடுவார், கிளி போடுவார். நாற்பது பேரும் அதே கிளியைப் போட வேண்டும், கோணலானால் அவரே பென்சிலை வாங்கித் திருத்துவார். அவளும் அந்தப் பழக்கத்தில் ஒரு பிள்ளையின் தாளில் கை வைத்திருக்கிறாள். கூட வேலை செய்கிற பெண்மணி, தனியே கூப்பிட்டுச் சொன்னாளாம்: அது அவன் படம், நீ கோடு போட்டால் உன் படமாகிவிடும். மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் மனிதனைப் போட்டால் ஒரு வட்டம், அதிலிருந்தே கை, அதிலிருந்தே கால். உடம்பே இருக்காது. பிரெஞ்சுக்காரர்கள் அதற்குத் 'தலைப்பிரட்டை மனிதன்' என்றே பேர் வைத்திருக்கிறார்கள். வயது வந்தால் உடம்பு தானாக வரும், காத்திருக்க வேண்டும். படத்தைப் பற்றிப் பிள்ளை சொல்வதைக் கேட்டு, அந்த வார்த்தைகளை அப்படியே அடியில் எழுதி வைப்பதுதான் பெரியவர் வேலை. கை துறுதுறுத்தாலும் அடக்கிக்கொண்டு உட்காருவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். நானாக இருந்தால் முடியாது.

அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துக்கு முன்னால் கோடு, வளைவு, சுழி, புள்ளி என்று கையைப் பழக்குகிறார்கள். அவள் புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போட்டுக் காட்டியதும் வகுப்பு ஆசிரியைகளுக்குப் பிடித்துவிட்டது. நல்லதுதான். ஆனால் அதோடு 'இந்தியா வாரம்' வந்தால்தான் அவள் ஞாபகம் வருவது என்று ஆகிவிடக் கூடாது. கோலம் போடத் தெரிந்த பெண் என்று ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். இதை அவளிடமே சொன்னேன். "தெரியும் பெரியப்பா" என்றாள்.

அவளுக்குத் தெரியும் என்பதற்கு ஒரு சம்பவம். ஒரு நாள் ஒரு பெண் குழந்தை 'குலேர் ஷேர்' பென்சில் கேட்டிருக்கிறாள். தோல் நிறம். அங்கே அப்படிச் சொன்னால் வெளிர் ரோஜா நிறப் பென்சில் என்று அர்த்தம். இவள் பென்சிலை எடுத்துக் கொடுத்துவிட்டு, தன் கையை அந்தத் தாள் பக்கத்தில் வைத்து, "இதுக்கு எந்தப் பென்சில்?" என்று கேட்டாளாம். குழந்தை பெட்டி முழுக்கத் தேடியது. அடுத்த புதன்கிழமை பென்சிலை ஒதுக்கிவிட்டு, சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை நான்கையும் கிண்ணத்தில் வைத்து, அப்பாக்களின் பழைய சட்டையை முன்பின்னாக மாட்டிக்கொண்டு, அவரவர் கை நிறத்தைக் கலக்கச் சொன்னாள். மாலியிலிருந்து வந்த வீட்டுப் பிள்ளை, அல்ஜீரியக் குடும்பத்துப் பிள்ளை, அந்த ஊர்ப் பிள்ளை எல்லோரும் கலக்கினார்கள். எவனுக்கும் ஒரே தடவையில் வரவில்லையாம். வெளுத்த பிள்ளைக்கே வெள்ளை மட்டும் போதவில்லை, மஞ்சளும் சிவப்பும் வேண்டியிருந்தது.

இதைச் செய்ய அந்த அறையில் அவள் இருக்க வேண்டியிருந்தது. கணக்கு எழுத அங்கே ஆயிரம் பேர் கிடைப்பார்கள்.

2019-லிருந்து பிரான்சில் மூன்று வயதிலேயே பள்ளி கட்டாயம். ஆகவே பிள்ளைகளுக்குக் குறைவில்லை. குடியுரிமைத் தாள் வந்ததும் கொங்கூர் எழுதட்டும், அதுவரை இந்தக் கூறுபோட்ட வேலையே இருக்கட்டும் என்பது என் கட்சி. தம்பி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. நான் ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு போனைப் போட்டு அவளுக்கு டிக்டே வாசிக்கிறேன், அங்கே அப்போது காலை நேரம். போன வாரம் பதினொரு தப்பு. அக்சான் எல்லாம் தலைகீழாகப் போடுகிறாள்.