தூக்கிப் போடச் சொன்னார்

அப்பாவின் கறுப்பு எபனைட் பேனா பழுப்பேறிவிட்டது. கடைக்காரர், 'புதுசு வாங்கிக்குங்க சார், இதையெல்லாம் இப்ப யார் பார்ப்பா?' என்றார்.

நான்தான் பார்ப்பேன். எபனைட் என்பது ரப்பரில் நிறையக் கந்தகம் சேர்த்து வேகவைத்து இறுக்கியது. வெயிலும் ஈரமும் பட்டால் நிறம் மாறும். மாறுவது மேல்தோல் மட்டும். ராஜமுந்திரியிலும் திருவள்ளூரிலும் லேத்தில் கையால் கடைகிற இந்தப் பேனாக்களில் மூடி, கழுத்து, நிப் எல்லாம் கையாலேயே கழன்றுவரும். குறடு வேண்டாம். வெந்நீர் வேண்டவே வேண்டாம் (இன்னும் பழுக்கும்). மரையை மட்டும் தொடாமல், 1000 நம்பர் வாட்டர் பேப்பர், அப்புறம் 2000, கடைசியில் பாலிஷ். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போயிற்று, கறுப்பு திரும்பிவிட்டது.

கடைக்காரர் சிபாரிசு செய்த புதுப் பேனாவையும் கழற்றப் பார்த்தேன். ஒட்டியிருக்கிறது. அதற்குப் பெயர் 'மெயின்டனன்ஸ் ஃப்ரீ'யாம்.