அழுத்தம் அவர்களுக்கும் தெரியும்

ஈரானியர்களுக்கு ஆங்கில உச்சரிப்பு சொல்லிக்கொடுப்பவர்கள் பலரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: "பாரசீகத்தில் கடைசி அசைக்கு அழுத்தம். ஆங்கிலத்தில் அப்படியில்லை, மனப்பாடம் செய்." புனேயில் ஈரானிய மாணவர்களுக்கு ஆங்கிலம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், இது பாதிதான் சரி.

பெயர்ச்சொல்லுக்குப் பொருந்தும். புத்தகத்தைக் குறிக்கும் 'கெத்தாப்' கடைசியில் அழுந்தும். பன்மையில் 'கெத்தாப்ஹா' ஆனால் அழுத்தம் 'ஹா'வுக்குப் போய்விடும். 'டீச்சர்', 'ஸ்டூடண்ட்' எல்லாம் அவர்கள் வாயில் வால் கனத்து வருவது இதனால்தான். வினைச்சொல்லில் கதையே வேறு. 'போகிறேன்' என்னும் 'மீரவம்' முதலசையில் அழுந்தும். 'நெமீரவம்' என்று மறுத்தால் அழுத்தம் 'நெ'வுக்குத் தாவும். 'மர்தி'யின் முதலசையை அழுத்தினால் 'ஒரு ஆள்', கடைசியை அழுத்தினால் 'ஆண்மை'. எழுத்தில் இரண்டும் ஒன்றே. அம்மாவைப் பற்றிப் பேசும்போது 'மாதர்' பின்னால் கனக்கும். அம்மாவையே கூப்பிட்டால் முன்னால்.

இதையெல்லாம் பிறந்ததிலிருந்து கேட்டுவரும் காதுக்கு, 'ரெக்கார்ட்' பெயரானால் முதலசை, வினையானால் இரண்டாமசை என்பது பெரிய புதிரா? 'மர்தி'யை வைத்துத் தொடங்கினால் ஐந்து நிமிடப் பாடம். யாரும் தொடங்குவதில்லை. என்னைப் போன்ற தமிழ் ஆசிரியர்களின் தாய்மொழியில் அழுத்தம் இடம் மாறிப் பொருள் மாறும் வழக்கம் கிடையாது. அதனால் அதை வெறும் ஸ்டைல் என்று ஒதுக்கிவிடுகிறோம்.

உண்மையான மல்லுக்கட்டு வேறிடத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அழுத்தம் விழாத உயிரொலி பெரும்பாலும் மங்கிச் சுருங்கிவிடும். 'ஃபோட்டோகிராஃப்' முதலசையில், 'ஃபோட்டோகிராஃபர்' இரண்டாவதில், 'ஃபோட்டோகிராஃபிக்' மூன்றாவதில். அழுத்தம் நகர நகர உயிரொலிகளும் ஆளே மாறிப்போகும். பாரசீகமோ அழுத்தாத உயிருக்கும் உரிய ஒலியைக் கொடுத்துவிடும். 'பனானா'வின் நடுவசையைச் சரியாக அழுத்தும் மாணவர்கூட, இரு ஓரத்து உயிர்களையும் லேசில் விட்டுக்கொடுக்க மாட்டார்.

நல்ல ஆங்கில அகராதிகளில், அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் மேலே ஒரு சின்னக் கோடு இருக்கும். அதைப் படிக்கக் காட்ட ஒரு வகுப்பு போதும். பயிற்சி நிலையங்கள் மிச்ச வகுப்புகளில் ஓரத்து உயிர்களை விழுங்கப் பழக்கட்டும். இப்போது அந்த நேரமெல்லாம் அருஞ்சொல் பட்டியலுக்குத்தான் போகிறது.