துணைக்கும் ஒரு துணை

கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில், மனச்சிதைவுக்கு ஆளான மகனின் நோயை மறைத்து விவாகம் நடத்திவைக்கும் குடும்பங்கள் இன்றும் நம்மிடையே உண்டு. அவ்விதம் வந்து சேர்ந்த பெண், கணவன் இரவெல்லாம் உறங்காமல் தனக்கு மட்டுமே கேட்கும் குரல்களோடு வாதாடுவதைக் கண்டு திகைத்து நிற்கையில், அவள் காலடி வைத்த வேளைதான் காரணம் என்ற அபவாதத்தையும் சேர்த்துச் சுமக்கிறாள். மாத்திரை எழுதித் தரும் மருத்துவர்கூட அருகில் நிற்பவளிடம், "நீ உறங்கினாயா, அம்மா?" என்று விசாரிப்பது அபூர்வம். மனநல மருத்துவர் சாரதா மேனன் முதலானோர் 1984இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பு, நோயாளிக்குச் சிகிச்சை அளிப்பதோடு குடும்பத்தாருக்கும் ஆலோசனை கூறிவருவதை நான் பெரிதும் போற்றுகிறேன். அந்த ஆலோசனையால், கணவனின் சந்தேகமும் வசையும் அவனது சுபாவமல்ல, வியாதியின் வெளிப்பாடே என்று தெளிந்தவளுக்கு, அதே துக்கத்தை அனுபவித்த மற்றொருத்தி "எங்கள் வீட்டிலும் இப்படித்தான்" என்று சொல்லும் ஒரு வார்த்தை, பந்துக்களின் நூறு உபதேசங்கள் தராத ஆறுதலைத் தருகிறது. மாவட்ட மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் வாரம் ஒரு மணி நேரமாவது நோயாளிகளின் மனைவியரும் கணவன்மாரும் கூடிப் பேச இடம் ஒதுக்குவது அரசாங்கத்துக்குப் பெருஞ்செலவன்று. களைத்துப்போனவள் சில நாள் தாய்வீடு சென்று வருவதைத் துரோகம் என்று தூற்றுவது கொடுமை. அடி விழும் வீட்டிலோ, அவளுடைய பாதுகாப்பே முதற்கடமை. அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணை, நோயாளி மட்டுமன்றி அவரைப் பராமரிப்பவரும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.