திறந்தும் ஓடாத மேக்ரோ

பாக்கார் ஆராங் தொழிற்பேட்டையில் கணக்கு வேலை பார்க்கும் அக்கா ஒருவர் புலனத்தில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். மாதக் கடைசி. கோப்பைத் திறந்த உடனே தானாகச் சம்பளம் போட்டுத் தரும் எக்செல் மேக்ரோ, புதுக் கணினியில் ஊமையாகிவிட்டதாம். "பாட்டுப் போடுறவங்ககிட்ட இதைக் கேட்கலாமா?" என்று ஒரு தயக்கம் வேறு. எங்கள் பாட்டுப் பட்டியலே எக்செல்லில்தான் அக்கா இருக்கிறது!

கையால் கணக்குப் போடலாமே என்பீர்கள். கூடுதல் நேர ஊதியம் இ.பி.எஃப் கணக்கில் சேராது, சொக்சோ கணக்கில் சேரும். ஆளாளுக்கு இதைப் பிரித்துப் போட்டால் எங்காவது ஒருவர் சம்பளம் இடிக்கும்.

நான் முதலில் கேட்டது, "மேலே சிவப்புப் பட்டை வருகிறதா?" என்று. வருகிறதாம். பாதிச் சிக்கல் அங்கேயே தெரிந்துவிட்டது. மின்னஞ்சலில் இருந்து இறக்கிய கோப்புக்கு, 'இது வெளியில் இருந்து வந்தது' என்று விண்டோஸ் ஓர் அடையாளம் போட்டுவிடும். அப்படி வரும் கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாப்ட் 2022-இல் இருந்து தடுத்து வைக்கிறது. மஞ்சள் பட்டையில் இருப்பது போல் 'எனேபிள் கன்டென்ட்' பொத்தான் இதில் இருக்காது. கோப்பை மூடுங்கள். அதன் மேல் வலது சொடுக்கி 'பிராப்பர்ட்டீஸ்' போங்கள். கீழே 'அன்பிளாக்' என்ற கட்டத்தில் குறியிட்டு 'ஓகே' கொடுத்தால் தீர்ந்தது.

ஆனால், உங்கள் அலுவலகக் கோப்பு என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும். மைக்ரோசாப்டின் இந்தக் கெடுபிடி எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. 1996-இல் பரவிய 'லரூ' என்ற எக்செல் வைரஸ் இதே 'ஆட்டோ ஓப்பன்' வழியில்தான் நுழைந்தது. கோப்பைத் திறந்தாலே போதும், தன்னைத் தானே அடுத்த கோப்புகளுக்கும் படியெடுத்துக்கொள்ளும்.

பட்டை எதுவும் வராமலே மேக்ரோ ஓடவில்லையா? கோப்பின் பெயர் எப்படி முடிகிறது என்று பாருங்கள். எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ் என்றால் உள்ளே மேக்ரோவே இல்லை. அந்த வகையில் சேமித்தபோதே அது கழன்றுவிட்டது. எக்ஸ்.எல்.எஸ்.எம் என்று முடியும் பழைய பிரதியைத் தேடுங்கள்.

அதுவும் சரியாக இருந்தால் மேக்ரோ உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். ஆல்ட், எஃப்11 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் அந்தப் பக்கம் திறக்கும். 'ஒர்க்புக்_ஓப்பன்' என்பது 'திஸ்ஒர்க்புக்' என்ற பகுதிக்குள் இருக்க வேண்டும். பழைய காலத்து 'ஆட்டோ_ஓப்பன்' தனி மாட்யூலில் இருக்க வேண்டும். இடம் மாறிக் கிடந்தால் எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லாவிட்டாலும் தானாக ஓடாது. இன்னொன்று, ஒரு மேக்ரோவே அடுத்த கோப்பைத் திறந்தால் அங்கிருக்கும் 'ஆட்டோ_ஓப்பன்' அசையாது. நாம் கையால் திறந்தால்தான் வேலை செய்யும்.

தலைகீழான தொல்லையும் உண்டு: திறந்ததும் மேக்ரோ ஓடி, பிழையில் சிக்கி, கோப்பையே மூடிவிடும். அப்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி திறங்கள். மேக்ரோ ஓடாமல் கோப்பு திறக்கும். உள்ளே போய்ச் சரி செய்துகொள்ளலாம்.