'ஒரிஜினல்' என்ற மயக்கம்

பல்லாவரம் வெள்ளிச் சந்தையில் பழைய வால்வு ஆம்பிளிஃபையர் சிக்கினால் உள்ளே எதையும் மாற்றாதீர்கள், மாற்றினால் 'அந்தக் காலத்துச் சத்தம்' போய்விடும் என்கிறார்கள். தாம்பரத்தில் கிதார் வாசிக்கும் பிள்ளைகள் இதை நம்பினால் காசும் போகும், உயிருக்கும் ஆபத்து.

வால்வின் ஒலிக்கு நானும் ரசிகன்தான். ஆனால் அந்த ஒலியைத் தருவது பெரும்பாலும் சர்க்யூட், வால்வு, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர். பவர் சப்ளையிலுள்ள எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டரோ காலப்போக்கில் காய்ந்துபோகும் பொருள். ஓயாத 'உம்' இரைச்சல் அதன் அறிகுறி. அது ஷார்ட் ஆனால் பவர் டிரான்ஸ்ஃபார்மரும் கருகலாம். மலிவான கெபாசிட்டரைக் காப்பாற்ற டிரான்ஸ்ஃபார்மரைப் பலி கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

'தொடாதே' வாதத்துக்கு வரலாறும் துணை நிற்காது. லண்டனில் 1962-இல் பிறந்த மார்ஷல் ஜேடிஎம் 45 ஆம்பிளிஃபையர், ஃபெண்டர் பாஸ்மேன் என்ற ஆம்பிளிஃபையரின் சர்க்யூட்டை எடுத்து, அங்கே கிடைத்த பாகங்களால் செய்ததுதான். அதை யாரும் போலி என்று ஒதுக்கவில்லை.

பழசா என்பதைவிட, எதற்காகச் செய்தது என்று பாருங்கள். மைக்செட் ஆம்பிளிஃபையரின் 100 வோல்ட் லைனில் 8 ஓம் கிதார் ஸ்பீக்கரை நேரே மாட்டக்கூடாது. 117 வோல்ட் அமெரிக்கப் பெட்டியை நம் 230 வோல்ட்டில் செருகினால் கதை முடிந்தது.

வாங்கியதும் ஸ்விட்சைப் போடாதீர்கள். வால்வு தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து, சீரிஸ் பல்ப் வைத்துச் சோதித்து, எர்த் உள்ள மூன்று பின் வயர் போடச் சொல்லுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் 300, 400 வோல்ட் தேங்கியிருக்கலாம். நீங்களே கழற்றிப் பார்க்க வேண்டாம்.